தொறக்கலாமா

எர்த் கிளாம்ப் இன்னும் வெல்டிங் மிஷினின் பக்கத்துக் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ராட் முனையில் பொறி பறந்தது.

சபாபதி மாஸ்க்கைத் தூக்கிவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கையில் ஹோல்டர், அதில் புது ராட். ஐந்தடி தள்ளி மிஷின், அதன் கொக்கியில் முதலை வாய் போன்ற அந்தப் பித்தளைக் கவ்வி. அதை, செய்துகொண்டிருந்த கேட்டின் இரும்பில் மாட்ட மறந்திருந்தான். மாட்டாமல் பொறி வரக் கூடாது. ராட் வழியாகப் போகிற கரண்ட் இரும்புக்குள் இறங்கி, கவ்வி வழியாக மிஷினுக்குத் திரும்ப வேண்டும். திரும்ப வழி இல்லையென்றால் அது போகவும் போகாது. பதினெட்டு வயதில், பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில், முதல் நாள் காலையில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம் அது.

அப்படியென்றால் இப்போது போனது எந்த வழியாகத் திரும்பியது?

வெளியே மழை. டிசம்பர் மாத ஜொகூர் மழை, அவசரம் எதுவும் இல்லாமல் நாள் முழுக்கப் பெய்கிற மழை. ரெங்கத்தில் அந்தத் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் கடைசி வீடு அவனுடையது. கார் நிறுத்துகிற இடத்தில் தகரக் கூரையை நீட்டிப் பட்டறையாக்கியிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள். பகல் இரண்டு மணிக்கே அவற்றின் அடியில் சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிட்டது. அழுகிய பழக்குலைகளின் புளித்த நெடியும், நனைந்த சிமெண்டின் வாசனையும், மிஷினிலிருந்து சூடான வார்னிஷ் வாடையும் கலந்து வந்தன. மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. வலியை வெளியே காட்டாமல் வாயை இறுக மூடிக்கொண்டு ஒருவன் முனகுவதைப் போன்ற சத்தம்.

தரை ஈரம், கேட்டின் கால் ஈரத்தில் நிற்கிறது, உள்ளே கம்பிச் சுருளில் எங்கோ கசிவு. கசிந்தது தரை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அவ்வளவுதான். காரணம் கிடைத்துவிட்டது. இருந்தும் சுவிட்சை அணைக்கப் போகும்போது அவன் மிஷினுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நடந்தான்.

பழைய மிஷின் என்றால் கோளாறு இருக்கத்தான் செய்யும். யோங் பெங்கைத் தாண்டி ஒரு தோட்டத்து ஓரத்தில், மதிவாணன் என்பவர் மூடிவிட்ட பட்டறையில், தார்ப்பாய்க்குள் ஒரு வருடம் கிடந்தது அது. பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து, ஒரு சக்கரம் நசுங்கி, நாலு பேர் தூக்கும் கனம். ஓட்டிப் பார்க்கலாமா என்று சபாபதி கேட்டபோது, கரண்டை வெட்டிவிட்டார்கள் என்று மதிவாணன் சொன்னார். அவர் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சபாபதி அதைப் பார்த்தான், பார்த்ததை அவரும் பார்த்தார். லோரியில் ஏற்றும்போது அவர் இரண்டு கைகளிலும் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் மிஷினைத் தொட்டார்.

வாங்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. பதினொரு வருடம் செனாய் பக்கத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். ஜன்னலே இல்லாத வெள்ளைக் கூடம். கடைசி ஆறு மாதமாக, மூன்று மணி வாக்கில், அவன் பெயரை யாரோ முதுகுக்குப் பின்னால் கூப்பிட ஆரம்பித்தார்கள். திரும்பினால் ஆள் இல்லை. கம்பெனி டாக்டர், தூக்கம் போதவில்லை என்று மாத்திரை எழுதினார். ஒரு நாள் லைனை அப்படியே நிறுத்திவிட்டு வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. மனைவி ஷாமளா திட்டவில்லை. வருடக் கடைசி வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் வீட்டுப் பட்டறை ஒரு வழிக்கு வராவிட்டால் மறுபடியும் ஃபேக்டரி பஸ்தான் என்று மட்டும் சொன்னாள். சூப்பர்வைசரிடம் பேசியும் வைத்திருந்தாள். இடம் காலியாகவே இருந்தது.

கிடைத்த ஒரே ஆர்டர் இந்தக் கேட். நாலு தெரு தள்ளி இருக்கும் ரேமண்டுக்கு. அவர் தாயார் டொரத்திக்கு எழுபத்தொன்பது வயது, நினைவு தப்பிவிட்டது. வீட்டு உடுப்போடு தெருவில் இறங்கி, செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகளுக்கு நேராக நடந்து போகிறார். வருடத்தின் கடைசிச் சனிக்கிழமைக்குள் கேட் நின்றாக வேண்டும் என்று ரேமண்ட் சொல்லியிருந்தார். நின்றால் சபாபதி வெல்டர். நிற்காவிட்டால் திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் பஸ்ஸில் இருப்பான், அந்த வெள்ளைக் கூடத்தில், பின்னாலிருந்து கூப்பிடும் அந்தக் குரலோடு.

மிஷினின் மூடியைக் கழற்றினான். உள்ளே எலி சேர்த்த பஞ்சு, காய்ந்து போன பல்லி, விரல் தடிமனுக்குக் கரித்தூசி. பிரஷ் போட்டுத் துடைக்கத் துடைக்க வேறொரு வாடை மேலே வந்தது. கோழியை உரித்த பிறகு மிச்ச மயிரைத் தீயில் வாட்டும்போது வருமே, அது. எலி ஏதாவது கருகியிருக்கும் என்று நினைத்துத் தேடினான். எலி இல்லை.

எர்த் ஒயரைத் தேடிப் போனபோதுதான் அதைக் கண்டான். பச்சையும் மஞ்சளுமான அந்த ஒயர் மிஷினின் உடம்பில் பூட்டியிருக்க வேண்டும். உள்ளே எங்காவது கசிந்தால் அது வழியாகத் தரைக்கு ஓடி, வீட்டு பிரேக்கரை விழவைத்து, ஆளைக் காப்பாற்றுகிற ஒயர் அது ஒன்றுதான். அதை யாரோ வெட்டியிருந்தார்கள். பிய்ந்து போகவில்லை. கத்தியால் நேராக வெட்டி, முனையில் கறுப்பு டேப்பை நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றி, மடித்து ஓரமாகச் செருகியிருந்தார்கள்.

ஏன் வெட்டினார்கள் என்பது சபாபதிக்குத் தெரியும். பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தால் வேலை ஓடாது. ஒயரை வெட்டினால் பிரேக்கர் விழாது. இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். செய்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“மனுஷனாடா நீ,” என்று அந்த டேப்பைப் பார்த்துச் சொன்னான். பிறகு ஒயரை இழுத்துப் பூட்டினான். சுருளிலிருந்த ஈரம் காய, பெட்டிக்குள் நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டு ஒரு முழு நாள் எரியவைத்தான். வெடித்திருந்த இடங்களில் வார்னிஷ் பூசினான். விசிறியை மாற்றினான்.

புதன்கிழமை சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போனது. பிரேக்கரைத் தூக்கிவிட்டு மறுபடியும் போட்டான். மறுபடியும் போனது. நான்காவது முறை, உள்ளே ரைஸ் குக்கரில் சோறு பாதி வெந்து நின்றுவிட்டதென்று ஷாமளா குரல் கொடுத்தாள். கசிவு சுருளின் அடி ஆழத்தில் இருந்தது. முழுக்க அவிழ்த்து மறுபடியும் சுற்றினால்தான் போகும். அதற்குப் பத்து நாளாவது ஆகும்.

வியாழக்கிழமை காலை ஷாமளா வேலைக்குப் போன பிறகு, சபாபதி மிஷினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் மழையைக் கேட்டான். பிறகு கத்தியை எடுத்தான். வெட்டிய முனையில் டேப் சுற்றி மடித்துச் செருகியபோது, பழைய டேப்பின் பிசின் தடம் எங்கே இருந்ததோ அதே இடத்தில், அதே மூன்று சுற்றில், அவனுடையதும் போய் உட்கார்ந்தது.

மிஷின் உறுமத் தொடங்கியது. பிரேக்கர் விழவில்லை.

கப்பல் பட்டறையில் தமிழ் ஆட்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்தால் இரவெல்லாம் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல எரியும். மாஸ்க் வெல்டருக்கு மட்டும்தான். இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளுக்குக் கிடையாது. அதனால் ராட்டை உரசும் முன் வெல்டர் “கண்ணு” என்பான். பிடிக்கிறவன் கண்ணை இறுக்கிக்கொண்டு “மூடியாச்சு” என்பான். ராட் முடிந்து, மேலே படிந்த கசடைத் தட்டி, திருப்தியான பிறகுதான் வெல்டர் “தொறக்கலாம்” என்பான். வெளிச்சம் நின்றுவிட்டதென்று தானாகக் கண்ணைத் திறக்கக் கூடாது. வெல்டர் உடனே அடுத்த ராட்டை உரசிவிடலாம். வார்த்தை வருகிற வரைக்கும் மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஷாமளாவுக்கும் அது பழகிவிட்டது. ஃபேக்டரியில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் மிஷினில் அவன் வேலை செய்யும்போது அவள் வந்து பிடிப்பாள். “மூடியாச்சு தவுக்கே,” என்பாள், பெரிய முதலாளியிடம் பேசுவதைப் போல ராகம் இழுத்து. ராட் பாதி எரிவதற்குள் “தொறக்கலாமா தவுக்கே, கை விட்டுப் போகுது” என்று தொடங்கிவிடுவாள்.

இன்று அவள் இல்லை. கேட்டின் நீளக் குழாயைக் கல்லில் சாய்த்து வைத்து, இந்த முறை மறக்காமல் கிளாம்பைக் கவ்வவைத்து, மாஸ்க்கை இறக்கினான். பழைய மாஸ்க் அது. கறுப்புக் கண்ணாடி எப்போதும் கறுப்புத்தான். இறக்கினால் பட்டப்பகலும் இருட்டு. ராட் எரிந்தால் மட்டும், எரிகிற இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு உலகம் பச்சையாகத் தெரியும். அணைந்தால் அதுவும் இல்லை.

“கண்ணு,” என்றான். யாரும் இல்லை என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

“மூடியாச்சு மச்சான்.”

கை ராட்டை உரசிவிட்டது. பச்சை வெளிச்சம். உருகிய இரும்பு. தெருவில் யாரோ பையன்கள், இந்தக் காலத்தில் எல்லாருக்கும் எல்லாரும் மச்சான்தான், என்று மனம் சொல்லிக்கொண்டே போனது. இந்த மழையில் தெருவில் யார் என்று அதே மனம் கேட்டது.

அப்போதுதான் குழாயைக் கவனித்தான். சூடு ஏறினால் குழாய் இழுத்துக்கொள்ளும். கல்லில் சாய்த்த குழாய் ஒரு மயிரிழையாவது விலகும், மறுபடியும் தட்டி நேராக்க வேண்டியிருக்கும். இது அசையவில்லை. மூலைமட்டம் வைத்தது போல நின்றது. யாரோ அந்தப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சையும் அடக்கி நிற்கிற மாதிரி.

நல்ல வெல்ட். அவன் போட்டதிலேயே நல்ல வெல்ட்.

இரண்டாவது மூட்டில் அவன் “கண்ணு” சொல்லவில்லை. குழாய் அசையவில்லை. ராட் குறுகிக்கொண்டே வந்து, வெளிச்சம் குழாயின் மறுகோடியை எட்டியது. அங்கே நான்கு விரல்கள் இருந்தன. குழாயை மேலிருந்து வளைத்துப் பிடித்த நான்கு விரல்கள், நகங்கள் கறுத்து, முட்டிகள் தோலைத் தள்ளிக்கொண்டு. ராட்டை இழுத்தான். இருட்டு. மாஸ்க்கைத் தூக்கினான். சாம்பல் வெளிச்சம், ஈரக் குழாய், மழை. விரல் ஏதும் இல்லை.

சுத்தியலை எடுத்துக் கசடைத் தட்டினான். அடி தப்பித் தப்பி விழுந்தது.

“தொறக்கலாமா?”

காதுக்கு ரொம்பப் பக்கத்தில் இல்லை. குழாயின் நீளத் தூரத்தில்தான். பணிவான குரல். ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறவன், மறுபடியும் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று யோசித்துக் கேட்கிற குரல்.

சபாபதி சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

ஐந்தாவது முறை மணி அடித்த பிறகு மதிவாணன் போனை எடுத்தார். மிஷின் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றான் சபாபதி. எர்த் ஒயரை வெட்டியது யார் என்று கேட்டான். அந்தப் பக்கமும் மழை பெய்துகொண்டிருந்தது.

“நான்தான் தம்பி.”

பிறகு அவராகவே சொன்னார். மனைவியின் அண்ணன் மூர்த்தி அவரோடு பட்டறையில் இருந்தான். ஒரே வயது, ஒன்றாகத் தோட்டத்துப் பள்ளியில் படித்தவர்கள். அன்றைக்கும் மழை. அன்று காலையில்தான் மதிவாணன் ஒயரை வெட்டியிருந்தார். மூர்த்திக்குச் சொல்லவில்லை. சொன்னால் பிடிக்க மாட்டானே.

“கண்ணுன்னேன், மூடியாச்சு மச்சான்னான். மூணு ராட் போட்டேன் தம்பி, ஒன்னுக்கு அப்புறம் ஒன்னு. கை ஆடவே இல்ல. எப்பவும் ஆட்டுவான். இன்னைக்கு நல்லா பிடிக்கிறான்னு நெனச்சேன்.”

சபாபதி சாத்திய கதவைப் பார்த்தான்.

“நீங்களும் கண்ணுன்னு சொல்லியிருப்பீங்க. பழக்கம்லா. பதில் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“சரி. மூடிக்கிட்டு நிக்கிற வரைக்கும் ஒன்னுமில்ல. தொறக்கலாம்னு மட்டும் சொல்லிறாதீங்க. நான் அன்னைக்கு அதச் சொல்லல. அவன் இன்னும் மூடிக்கிட்டுதான் நிக்கிறான். தொறந்தா மொதல்ல யாரப் பாப்பான்? எதிர்ல நிக்கிறவனத்தானே.”

தெரிந்திருந்தும் ஏன் விற்றீர்கள் என்று சபாபதி கேட்டான்.

“தெனமும் கேக்குறான் தம்பி,” என்றார் மதிவாணன். “எத்தன நாளைக்குப் பதில் சொல்லாம இருக்கிறது?” போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஷாமளா வந்தபோது அவன் கேட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். தனியாகப் போட முடிந்த மூட்டுகளையெல்லாம், “கண்ணு” சொல்லாமலும் கேட்ட குரலுக்குப் பதில் சொல்லாமலும், போட்டு முடித்திருந்தான். அவள் ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கிற வேலை பார்த்தாள். உடுப்பைக்கூட மாற்றாமல் பட்டறைக்கு வந்தாள். ரேமண்ட் அவளுக்குப் போன் செய்திருந்தார். நேற்று டொரத்தி அம்மாவை ஒரு லோரிக்காரர் நடுரோட்டிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டிருக்கிறார். அவர் பிரேக் அடித்த தடம் இன்னும் தெருவில் இருக்கிறதாம்.

“எவ்ளோ மிச்சம்?”

ஒரு கீல்தான் மிச்சம். கதவை நிமிர்த்தி, தூணோடு சேர்த்து ஒருத்தர் பிடித்துக்கொண்டால் ஒரே ராட்.

“பின்ன ஏன் ஒக்காந்திருக்கீங்க?”

அவன் அவளைப் பார்த்தான். சொல்லலாம். மிஷினுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது என்று சொல்லலாம். அவள் கத்த மாட்டாள். அவன் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள், அந்தப் பழைய மாத்திரை இன்னும் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்பாள், ஃபேக்டரியில் கூப்பிட்ட குரலும் இதுவும் ஒன்றுதான் என்று அவள் முகம் சொல்லும். அவனுக்கும் அது ஒன்றுதானோ என்று இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒயரைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். அதுவும் சொல்லவில்லை. சொன்னால் பிடிக்க மாட்டாளே.

அவனுடைய தோல் கையுறைகளை அவளுக்கு மாட்டிவிட்டான். இடது கையில் கட்டைவிரல் ஓட்டை. தரையில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நிற்கவைத்தான். என்ன ஆனாலும் பலகையை விட்டு இறங்காதே என்றான். கிளாம்பை மாட்டினான். பிளக்கைச் செருகினான். மிஷின் வாயை மூடிக்கொண்டு முனகத் தொடங்கியது.

ஒரு ராட். அறுபது எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

“மூடிக்க,” என்றான்.

“அதென்ன புதுசா?” ஷாமளா கதவுச் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மொறப்படி சொல்லுங்க தவுக்கே. சொல்லாம மூட மாட்டேன்.”

“ஷாமளா, வெளையாடாத.”

“சொல்லுங்கலா. பொண்டாட்டின்னா சும்மாவா?”

மாஸ்க்கை இறக்கினான். இருட்டு.

“கண்ணு.”

“மூடியாச்சு தவுக்கே.”

காத்திருந்தான். மழை. முனகல். வேறு பதில் இல்லை. அவள் குரல் மட்டும்தான். ராட்டை உரசினான்.

பச்சை வெளிச்சத்தில் கீல் தெரிந்தது, தூண் தெரிந்தது, சட்டத்தைப் பிடித்திருந்த அவளுடைய இடது கையுறையின் நுனி தெரிந்தது. சட்டம் நடுங்கிக்கொண்டிருந்தது. கனத்தைத் தாங்க முடியாத கையின் சிறிய, விடாத நடுக்கம். எந்த வெல்டருக்கும் எரிச்சல் தருகிற நடுக்கம் அது. அவனுக்கு அது உயிர் வந்தது போல இருந்தது. நடுங்கட்டும். வெல்ட் கோணட்டும். உருகிய இரும்பு ஓட்டையை நிரப்பிக்கொண்டு மெல்ல மேலேறியது, புகை மாஸ்க்கின் அடி வழியாக ஏறிக் கண்ணைக் கரித்தது, அவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனான், இருபது, இருபத்தொன்று, அவள் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கனத்தை மாற்றிக்கொள்வது இரும்பு வழியாகவே அவனுக்குத் தெரிந்தது.

பலகை ஒரு முறை கிறீச்சிட்டது.

இருபத்தெட்டு.

நடுக்கம் நின்றது.

சட்டம் அசையவில்லை. மூலைமட்டம் வைத்தது போல. மூச்சையும் அடக்கிக்கொண்டது போல. வெல்ட் நேராக, அழகாக, மீன் செதில் போல அடுக்கடுக்காக ஏறியது.

கோழி மயிர் வாடை.

ராட்டை இழுத்தான். இருட்டு.

கேள், என்று நினைத்தான். கை விட்டுப் போகுது தவுக்கே என்று சொல். எப்போதும் சொல்வாயே. சொல்.

மழை.

மாஸ்க்கைத் தூக்கினான். ஷாமளா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் சட்டத்தில். கண்கள் இறுக மூடி. கட்டைவிரல் ஓட்டை வழியாகத் தெரிந்த சதை இரும்பில் பதிந்திருந்தது. ஒரு கால் பலகைமேல். மற்றது ஈரச் சிமெண்டில். செருப்பு தனியாகக் கிடந்தது.

ஓடினான். சுவிட்சைத் தட்டினான். பிளக்கைப் பிடுங்கினான். ஒயரோடு சேர்த்து இழுத்துத் தூரப் போட்டான்.

முனகல் நிற்கவில்லை.

மிஷினைப் பார்த்தான். விசிறி மெல்லச் சுற்றி நின்றுவிட்டது. முனகல் அங்கிருந்து வரவில்லை. ஷாமளாவின் மூடிய வாய்க்குள்ளிருந்து வந்தது.

அவள் தோளைத் தொடப் போனான். விரல் நெருங்கியதும், அவள் உடுப்புக்கும் அவன் விரலுக்கும் நடுவே, பட்டாணி அளவில் ஒரு பொறி பறந்தது. கை தானாகப் பின்னால் வந்தது.

“ஷாமளா.”

முனகல் நின்றது. அவள் உதடுகள் பிரிந்தன.

“தொறக்கலாமா மச்சான்?”

அவள் குரல்தான். அவள் குரலேதான்.

அவன் பின்வாங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். இமைகள் இறுகியிருந்தன. இரண்டு இமைகளும் சேர்கிற இடத்தில், மயிர்களுக்கு நடுவே, நூல் அளவுக்கு ஒரு நீல வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. ராட் நுனியில் எரிகிற அதே நீலம். பார்க்கும்போதே அவன் கண்ணுக்குள் மணல் விழத் தொடங்கியது.

“தொறக்கலாமா?”

சொல்லாவிட்டால் அவள் இப்படியே நிற்பாள். நாளைக்கும் நிற்பாள். மூடிக்கொண்டு. கேட்டுக்கொண்டு. சொன்னால்.

மதிவாணன் சொல்லவில்லை. ஒரு வருடம் சொல்லாமல் இருந்தார். பிறகு விற்றுவிட்டார்.

சபாபதி மாஸ்க்கை இறக்கினான். எதுவும் எரியாத இடத்தில் அந்தக் கண்ணாடி வழியாக எதுவும் தெரியாது. கேட் தெரியவில்லை. தூண் தெரியவில்லை. அவள் தெரியவில்லை. இரண்டு நீலக் கோடுகள் மட்டும் தெரிந்தன, பக்கத்துப் பக்கத்தில், அவள் கண்களின் உயரத்தில்.

“தொறக்கலாம்,” என்றான்.

கோடுகள் மெல்ல அகன்றன.

அவற்றுக்குப் பின்னால், ஒரு சாண் மேலே, அவளைவிட உயரமான ஒருவனின் கண்ணளவில், இன்னும் இரண்டு.